மூளை உயிரணுக்களின் மூப்பும் மறதி நோயும்

(திருவனந்தபுரம் பழவங்காடியில் நடைபெற்ற முதியோர் நலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மத்திய அரசின் கோப்புகளோடு காலம் கழித்து வரும் என்னை, மூளையின் மூப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். எனினும் இப்பொருள் எனக்கு அந்நியமானதும் அன்று. அதற்குக் காரணமான நிகழ்ச்சி இந்தப் பழவங்காடியிலேயே நேர்ந்தது என்பதால், அதைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

என் தந்தையார் சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதி வந்தவர். மாலையில் கடையிலிருந்து திரும்பும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவது அவருடைய வழக்கம். ஓய்வு பெற்ற பின்னும் அந்த நடை நிற்கவில்லை. எழுபத்து நான்காம் வயதில் ஒரு நாள், காயை உடைத்து முடித்தவர், வீட்டுக்கு எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் கோயில் வாசலிலேயே திகைத்து நின்றிருக்கிறார். அறிமுகமான ஒருவர் கைபிடித்து அழைத்து வந்தார். அன்றிரவு அவருடைய வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே மூட்டை அரிசிக்குரிய தொகை ஒரு வாரத்தில் மூன்று முறை செலவில் எழுதப்பட்டிருந்தது. கூட்டல் மட்டும் மூன்று இடங்களிலும் சரியாக இருந்தது.

மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். "வயதானால் மறதி வரத்தானே செய்யும்" என்று கூறிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாங்களும் நிம்மதியாகத் திரும்பினோம். அந்த நிம்மதியில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அது அல்சைமர் நோய் என்று பின்னர்த் தெரிந்தபோது, அவர் கணக்கு நோட்டையே மறந்து விட்டிருந்தார்.

"வயதானால் வரத்தானே செய்யும்" என்ற அந்த வாசகத்தைத்தான் இன்று உங்கள் முன் ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. மூப்புக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மறு பாதி பிழை. ஏனெனில் முதுமை அடைந்த எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை, வந்தவர்களுக்கும் அது முதுமையில் தொடங்குவதில்லை. உண்மையையும் பிழையையும் பிரித்து அறிந்தால், ஒரு குடும்பம் செய்ய வேண்டியது என்ன, ஓர் அரசு செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகும்.

மூப்பு வேறு, நோய் வேறு

ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஆலோயிஸ் அல்சைமர், 1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் அகுஸ்தே டீட்டர் என்னும் பெண்மணியைச் சோதித்தார். அப்பெண்மணிக்கு வயது 51தான். தம் பெயரையே எழுத முடியாமல் தடுமாறினார். 1906இல் அவர் காலமானதும், அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். உயிரணுக்களுக்கு வெளியே ஒரு வகைப் படிவுகளும், உயிரணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூற்சிக்கல்களும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மருத்துவர் கூட்டமொன்றில் அவர் இதை அறிவித்தார். 1910இல் அவருடைய மூத்த சகாவான கிரேப்பெலின் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

வெளிப் படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை. உள்ளே காணப்படும் சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை. இவ்விரண்டும் சேரத் தொடங்கி, மறதி வெளியே தெரிவதற்குள் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் கூடக் கழிந்து விடுகின்றன. ஆகவே எழுபது வயதில் வழி தவறி நிற்பவரின் மூளையில், ஐம்பது வயதிலேயே, அவர் அலுவலகத்தில் திறமையாகப் பணியாற்றிக் கொண்டிருந்த காலத்திலேயே, மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம்.

அப்படியாயின், அந்த நடு வயதில் உடலுக்குள் நடப்பது யாது? இக்கேள்விக்கு விடை தேடும் விஞ்ஞானிகளின் கவனம் அண்மைக் காலத்தில் உயிரணுக்களின் மூப்பின்பால் திரும்பியுள்ளது.

உயிரணு மூப்படைவது எவ்வாறு?

1961ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான லியனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், மனித உடலின் சாதாரண உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து, அவை ஏறத்தாழ ஐம்பது முறை பிளவுபட்டுப் பெருகிய பின் பெருக்கத்தை நிறுத்தி விடுகின்றன என்று கண்டனர். அதுவரை உயிரணுக்கள் எல்லையின்றிப் பெருக வல்லவை என்றே பலரும் நம்பியிருந்தனர். பிளவுபடுவதால் மட்டுமின்றி, மரபுப் பொருளுக்கு ஏற்படும் சேதம், நீண்ட கால அழற்சி, நச்சுப் பொருள்கள் ஆகியவற்றாலும் உயிரணுக்கள் இந்நிலையை அடையலாம் என்பது பின்னர்த் தெரிய வந்தது.

இவ்வாறு மூப்புற்ற உயிரணு இறந்து போவதில்லை. தன் பழைய வேலையையும் அது சரிவரச் செய்வதில்லை. ஆனால் அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுற்றிலும் கசிய விட்டுக் கொண்டே இருக்கிறது. வாடகையும் தராமல், வீட்டையும் காலி செய்யாமல், அக்கம்பக்கத்தில் ஓயாது சச்சரவை மூட்டிக் கொண்டிருக்கும் ஒரு குடித்தனக்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். அவரால் அடுத்த வீட்டுக்காரரும் நிம்மதி இழக்கிறார். அதுபோலவே, மூப்புற்ற ஓர் உயிரணு அருகிலுள்ள நல்ல உயிரணுக்களையும் மூப்பின் பக்கம் தள்ளி விடக் கூடும்.

இளமையில் நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு இத்தகைய உயிரணுக்களைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தி விடுகிறது. வயது ஏற ஏற அந்தத் துப்புரவுப் பணி தளர்கிறது, குப்பை சேர்கிறது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. பெருக்கத்தை நிறுத்திக் கொள்வது, சேதமுற்ற உயிரணு புற்றுநோயாக மாறி விடாமல் உடல் செய்து கொள்ளும் ஏற்பாடும் ஆகும். காயம் ஆறுவதற்கும் இத்தகைய உயிரணுக்கள் சிறிது காலம் பயன்படுகின்றன. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகத் தங்கி விடும்போதுதான் தீங்கு விளைகிறது. அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூளையில் நிகழ்வது

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள் உள்ளன. ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் துணை உயிரணுக்களும் உள்ளன. நரம்பு உயிரணுக்கள் செய்திகளைக் கடத்துகின்றன. துணை உயிரணுக்கள் அவற்றுக்கு உணவளித்து, உறையிட்டு, கழிவுகளை அகற்றிப் பேணுகின்றன. உடல் எடையில் இரண்டு சதவிகிதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. இவ்வளவு ஓயாத வேலை நடக்கும் இடத்தில் தேய்மானமும் கழிவும் மிகுதியாக இருப்பது இயல்பே.

நரம்பு உயிரணுக்கள் பிறந்த பிறகு பெரும்பாலும் பிளவுபடுவதில்லை. ஆகையால் பிளவு நின்று போவதையே அடையாளமாகக் கொண்ட மூப்பு அவற்றுக்குப் பொருந்தாது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. துணை உயிரணுக்களின் நிலை வேறு; அவை பெருக வல்லவை, எனவே மூப்படையவும் வல்லவை.

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான சோதனையின் முடிவை வெளியிட்டனர். டௌ புரதம் சிக்கலாகச் சேருமாறு மரபு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளின் மூளையில், சிக்கல்கள் தோன்றுவதற்கு முன்னரே துணை உயிரணுக்கள் மூப்படைந்து குவிவதை அவர்கள் கண்டனர். அந்த மூப்புற்ற உயிரணுக்களைத் தொடர்ந்து அகற்றி வந்தபோது, டௌ சிக்கல்கள் சேர்வது தடைப்பட்டது. சுண்டெலிகளின் நினைவாற்றலும் காக்கப்பட்டது. அதே ஆண்டில் வேறொரு குழுவினர், டௌ சிக்கல் நிறைந்த நரம்பு உயிரணுக்களே மூப்பின் அடையாளங்களைக் காட்டுவதாக அறிவித்தனர். 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமிலாய்டுப் படிவுகளைச் சுற்றிலும், நரம்பு இழைகளுக்கு உறையிடும் உயிரணுக்களின் முன்னோடிகள் மூப்புற்று நிற்பதை எடுத்துக் காட்டியது. 2021இல், இறந்த மனிதர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், மூப்பின் அடையாளங்களைக் கொண்டவை பெரும்பாலும் நரம்பு உயிரணுக்களே என்றும், அவற்றிற் பலவற்றில் டௌ சிக்கல்கள் இருந்தன என்றும் கண்டனர்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சங்கிலி புலனாகிறது. கழிவை அகற்ற வேண்டிய துணை உயிரணுக்கள் மூப்படைவதால் அமிலாய்டு தேங்குகிறது. தேங்கிய அமிலாய்டும் அழற்சியும் நரம்பு உயிரணுக்களைத் துன்புறுத்துகின்றன. அவற்றினுள் டௌ சிக்கல்கள் முறுக்கிக் கொள்கின்றன. சிக்கல் விழுந்த நரம்பு உயிரணு சாகாமல் மூப்புற்று நின்று, மேலும் அழற்சியைப் பரப்புகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போல் தீங்கு தானே பெருகுகிறது.

இச்சங்கிலியின் முதற் கண்ணி எது? மூப்பு முந்தியதா, புரதப் படிவு முந்தியதா? விதை முந்தியா, மரம் முந்தியா என்ற கேள்வியைப் போன்றதே இது. சுண்டெலிச் சோதனைகள் மூப்பு முந்தக் கூடும் என்று காட்டுகின்றன. மனித மூளையில் இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதாகவே கருத இடமுண்டு. பரம்பரைக் கூறும் இதில் பங்கு பெறுகிறது. இந்நோயின் அபாயத்தைக் கூட்டும் ஒரு மரபணு வகை 1993ஆம் ஆண்டிலேயே அடையாளம் காணப்பட்டது. ஆனால் அதைப் பெற்ற எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

மருந்தின் நிலை

மூப்புற்ற உயிரணுக்களை மட்டும் தேடி அழிக்கும் மருந்து கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அம்முயற்சி தொடங்கி விட்டது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் தாசடினிப் என்ற மருந்தும், வெங்காயம், ஆப்பிள் போன்றவற்றில் உள்ள குவர்செடின் என்ற பொருளும் சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. 2023இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் இருந்த ஐவருக்கு இவை பன்னிரண்டு வாரங்கள் தரப்பட்டன. பெரிய தீங்கு நேரவில்லை. மூளையைச் சூழ்ந்த திரவத்தில் நால்வரிடம் தாசடினிப் காணப்பட்டது. குவர்செடின் எவரிடமும் காணப்படவில்லை. ஐவரைக் கொண்டு குணம் உண்டா இல்லையா என்று கூற இயலாது. அதைக் கூறுவது அவ்வாய்வின் நோக்கமும் அன்று.

ஆகவே இங்குள்ள பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நினைவாற்றலைப் பெருக்கும் என்று கடைகளில் விற்கப்படும் மாத்திரைகளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். வெங்காயத்தை அதிகம் உண்டால் மறதி தீரும் என்றும் எண்ண வேண்டாம். தாசடினிப் கடுமையான மருந்து. தாமாக உட்கொள்ளத்தக்கது அன்று.

அமிலாய்டை அகற்றும் லெகானமேப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி அளித்தது. ஆய்வில் அது, பதினெட்டு மாத காலத்தில் நோயின் சரிவை 27 சதவிகிதம் மந்தப்படுத்தியது. இழந்த நினைவை அது மீட்டுத் தருவதில்லை. அறிமுகமான போது அந்நாட்டில் அதன் ஓராண்டு விலை 26,500 டாலர் என அறிவிக்கப்பட்டது. நம் நாட்டின் நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு இது எட்டாக்கனி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மருந்துகள் ஒரு நாள் வரும். அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

நம் ஊர்க் கணக்கு

இந்நோய் மேலை நாடுகளுக்கே உரியது, கூட்டுக் குடும்பத்தில் வாழும் நம்மை அண்டாது என்று ஒரு காலத்தில் சிலர் கூறி வந்தனர். அந்த எண்ணத்தைத் திருத்தியதில் இந்த நகருக்குச் சிறப்பான பங்குண்டு. இங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், 1980இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆகும். அங்குப் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் மதுரநாத் முதலானோர், திருவனந்தபுரம் மக்களிடையே 55 வயதைக் கடந்த 2,466 பேரை ஆராய்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.86 சதவிகிதத்தினருக்கு மறதி நோய் இருந்தது.

அத்துடன் நில்லாமல், 2001 முதல் 2011 வரை 1,066 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 55 வயதைக் கடந்த ஆயிரம் பேரில், ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு பேர் வீதம் அல்சைமர் நோய்க்குப் புதிதாக ஆளாயினர். 65 வயதைக் கடந்தவர்களில் இது ஆயிரத்துக்குப் பதினைந்துக்கும் மேல். ஹரியானாவின் பல்லப்கட் கிராமப் பகுதியில் அதற்கு முன்னர் நடந்த ஆய்வு, அதே வயதினரிடையே ஆயிரத்துக்கு ஐந்துக்கும் குறைவு என்றே கூறியிருந்தது. ஆளுக்கேற்ற மொழியில், நீண்ட காலம், பொறுமையாகத் தேடினால் நோய் அதிகம் புலப்படும் என்பதற்கு இது சான்று. ஆங்கிலத்தில் அமைந்த நினைவுச் சோதனையை மலையாளத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்ததும் இந்நகரின் பணியே.

நாடு முழுவதற்குமான ஆய்வொன்றின் மதிப்பீடு 2023இல் வெளியாயிற்று. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவிகிதத்தினர், அதாவது 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர். ஆண்களில் 5.8 சதவிகிதம், பெண்களில் 9 சதவிகிதம். நகரங்களைவிடக் கிராமங்களில் அதிகம்; கல்வி வாய்ப்புக் குறைந்தவர்களிடையே அதிகம். வறியோரை அண்டாத நோய் என்று இதை எவரும் இனிக் கூற முடியாது.

கேரளத்துக்கு இச்செய்தி கூடுதல் முக்கியத்துவம் உடையது. மாநில மக்கள் தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2021இல் 16.5 சதவிகிதம் என்றும், 2031இல் 20.9 சதவிகிதம் ஆவர் என்றும் கணிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இது 2031இல் 18.2 சதவிகிதமாக இருக்கும். குழந்தை இறப்பைக் குறைத்து, ஆயுளை நீட்டி, நாம் பெற்ற வெற்றியின் விளைவு இது. வெற்றிக்குரிய பராமரிப்புச் செலவையும் நாமே ஏற்க வேண்டும்.

கணக்கில் வராத உழைப்பு

இங்கே பொருளாதார மாணவன் என்ற முறையில் சில சொற்கள் கூற அனுமதி வேண்டுகிறேன். என் தந்தையாரின் நோய் முற்றியபோது, தனியார் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த என் தமக்கையார் வேலையை விட்டு விலகினார். ஆறு ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் கதவைத் திறந்து கொண்டு வெளியேறி விடாமல் காவல் காத்தார். நானோ வெளியூரில் பணியில் இருந்தேன். மாதந்தோறும் பணம் அனுப்பியதோடு என் கடமை முடிந்ததாக எண்ணினேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் தந்தையார் மகளை அடையாளம் தெரியாமல் "அம்மா" என்றே அழைத்தார். தமக்கையாரும் மறுக்காமல் அந்த அழைப்புக்கே பதில் கூறி வந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளைத் தேசிய வருமானக் கணக்கு எவ்வாறு பதிவு செய்தது? அவருடைய சம்பளம் நின்றதால் அந்த அளவுக்கு வருமானம் குறைந்தது. வீட்டில் இரவும் பகலும் செய்த வேலைக்கு ஒரு காசும் வரவாகவில்லை. அதே வேலையைச் சம்பளத்துக்கு ஒரு வீட்டுச் செவிலி செய்திருந்தால் அது வருமானத்தில் சேர்ந்திருக்கும். ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்து கொண்டால் நாட்டின் வருமானம் குறைந்து விடும் என்று பொருளாதார அறிஞர் பிகூ 1920இல் சுட்டிக் காட்டிய முரண்பாடு இதுவே. நூறு ஆண்டுகளாக வகுப்பறையில் வேடிக்கையாகச் சொல்லப்பட்டு வரும் இச்செய்தி, என் வீட்டில் வேடிக்கையாக இருக்கவில்லை. தமக்கையார் இன்று ஓய்வூதியம் இல்லாதவர். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்.

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவிகிதத்தினர் குடும்பத்தினரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர். நாளொன்றுக்குச் செலவாகும் நேரம் ஏறத்தாழ 140 நிமிடங்கள். ஆண்களில் 21.4 சதவிகிதத்தினரே ஈடுபடுகின்றனர். அவர்கள் செலவிடுவது 74 நிமிடங்கள். குழந்தைப் பராமரிப்பும் இதில் அடங்கும். மறதி நோயாளி உள்ள வீட்டில் நிமிடக் கணக்கு பொருந்தாது. அங்கே நாள் முழுவதும் பணியே.

செய்யத்தக்கவை

முதலாவது, நடு வயதிலேயே தொடங்கும் தடுப்பு. மறதி நோய்களைப் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2024இல் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால், உலகிலுள்ள மறதி நோய்களில் 45 சதவிகிதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப் போடவோ இயலலாம் என்பது அதன் மதிப்பீடு. கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், மிகுந்த மதுப்பழக்கம், உடலுழைப்பின்மை, பருமன், மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு ஆகியவையே அவை. இவற்றிற் பல, அழற்சியையும் இரத்தக் குழாய்ச் சேதத்தையும் விளைவித்து, உயிரணுக்களை விரைவில் மூப்படையச் செய்பவை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோரில் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியுள்ளது. ஆகவே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் இதயத்துக்கு மட்டுமன்றி மூளைக்கும் உரிய முதலீடாகும். முப்பது வயதைக் கடந்தோருக்கு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடைபெறும் பரிசோதனையோடு, செவித்திறன் சோதனையையும், முதியவர்களுக்கு நினைவுச் சோதனையையும் சேர்த்துக் கொள்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இரண்டாவது, பகல் நேரப் பராமரிப்பு நிலையங்கள். மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவும் அகில இந்திய அமைப்பான அல்சைமர் சங்கம் 1992இல் கேரளத்தில்தான் தொடங்கப்பட்டது. அதன் ஒத்துழைப்போடு கேரள அரசு 2014இல் 'ஸ்மிருதிபதம்' என்ற திட்டத்தின்கீழ்ப் பராமரிப்பு நிலையங்களை அமைக்க முற்பட்டது. வழி திறந்திருக்கிறது, அதை ஊராட்சிதோறும் நகராட்சிதோறும் நீட்டிக்க வேண்டும். ஒரு நிலையத்தில் பத்து முதியவர்கள் பகலைக் கழித்தால், வேலையை விட நேரும் பத்துப் பெண்கள் வேலையில் நீடிக்கலாம். இதைத் தருமமாக மட்டும் பார்க்காமல் உற்பத்திச் செலவாகவும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 2024 அக்டோபர் முதல் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வரவேற்கத்தக்கது. ஆனால் அது மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியது. இந்நோயின் செலவில் பெரும் பகுதி வீட்டில் நேர்கிறது.

மூன்றாவது, பராமரிப்பாளருக்கு ஆதரவு. மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென 730 நாள் விடுப்பு உண்டு. மறதி நோயுற்ற பெற்றோரைப் பராமரிப்பதற்கென அத்தகைய தனி விடுப்பு இல்லை. ஆண் பெண் இருபாலாருக்கும் ஓரளவேனும் அது கிடைத்தால், என்னைப் போன்ற மகன்களும் பணம் அனுப்புவதோடு நின்று விட மாட்டார்கள். வலி தணிப்புச் சிகிச்சையில் கேரளத்தின் தொண்டர் படை நாட்டுக்கே முன்மாதிரி. 2008இலேயே அதற்கென மாநிலம் கொள்கை வகுத்தது. அத்தொண்டர்களுக்கு மறதி நோய்ப் பராமரிப்பிலும் பயிற்சி அளிக்கலாம்.

நான்காவது, ஆராய்ச்சி. உயிரணு மூப்பைப் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை மேலை நாட்டவர் மூளையைக் கொண்டு செய்யப்பட்டவை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளைத் திசுக்களின் சேமிப்பகம் இயங்கி வருகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுர வட்டாரத்தில் கிராம மக்களின் மூப்பையும் அறிதிறனையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறது. இவற்றுக்கு நிதி மட்டும் போதாது. இறந்த பின் மூளையை ஆராய்ச்சிக்கு வழங்க மனமுவந்து முன்வரும் குடும்பங்களும் தேவை. கண் தானத்துக்குத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

முடிவுரை

உடலில் மூப்புற்ற உயிரணுக்களை அகற்ற வேண்டும் என்று விஞ்ஞானம் கூறுவதைக் கேட்டு, இங்குள்ள மூத்தோர் மனம் கலங்க வேண்டாம். உயிரணுவுக்கு உரிய நியதி மனிதருக்குப் பொருந்தாது. பழைய உயிரணு அழற்சியைப் பரப்புகிறது. பழுத்த மனிதர் அனுபவத்தைப் பரப்புகிறார். அந்த அனுபவம் அழிந்து விடாமல் காப்பதற்கே இவ்வளவு ஆராய்ச்சியும்.

வீட்டில் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பழகிய பாதையில் வழி தவறினாலோ, கணக்கில் தடுமாறினாலோ, வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்து விடாதீர்கள். நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டுக் குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்ற, தீர்க்கத்தக்க காரணங்களாலும் மறதி உண்டாகலாம். அல்சைமர் நோயே ஆனாலும், முன்கூட்டி அறிந்தால் குடும்பம் தன்னை ஆயத்தம் செய்து கொள்ள முடியும். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணை எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. நான் சொன்ன கணக்கின்படி, என் தந்தையாரின் மூளையில் மாற்றங்கள் தொடங்கியிருக்கக் கூடிய வயது இது. ஆண்டுதோறும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக் கொள்கிறேன். மாலையில் கோட்டையைச் சுற்றி நடக்கிறேன். அவருடைய கடைசிக் கணக்கு நோட்டு என் மேசையில் இருக்கிறது. மூன்று முறை எழுதப்பட்ட அந்த அரிசிச் செலவை அடித்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் தமக்கையாரின் ஆறு ஆண்டுகள் ஒரு முறை கூட எழுதப்படாத நாட்டின் கணக்கை, நாம் திருத்தத்தான் வேண்டும்.